ஆமென் வராத ஒரு காலை ஜெபம்

1. டியூட்டி போர்டும் ஜெபமும்

திருச்சியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டிரெயினிங்குக்கு நான் சேர்ந்தது ஐம்பதுகளின் நடுவில். முதல் நாள் தெர்மாமீட்டரைக் கையில் கொடுப்பார்கள் என்று நினைத்துப் போனேன். அதற்கு முன்னால் ஆமென் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள்.

வேலை தொடங்கும் முன் எல்லா நர்சுகளும் ஹாலில் வரிசையாக நிற்க வேண்டும். ஒரு கீர்த்தனை பாடி முடித்ததும் மேட்ரனம்மா ஜெபம் செய்வார். முடிவில் எல்லோரும் ஆமென் என்போம். முதல் நாள் நான் வாய்க்குள் முனகியிருப்பேன் போலிருக்கிறது. ஜெபம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"உன் பேரென்ன?"

"ஞானசுந்தரிங்க. வீடு பாலக்கரை."

"இங்க பாரு சுந்தரி. ஆமென்னா 'அப்படியே ஆகட்டும்'னு அர்த்தம். கையெழுத்துப் போடற மாதிரி. சத்தமா சொல்லு. சொன்னதுக்கப்புறம் மாத்திப் பேசாதே."

அன்றிலிருந்து என் ஆமென் காம்பவுண்டு கேட் வரை கேட்கும். குரல் கொஞ்சம் நன்றாக இருந்ததால், போகப் போகப் பாட்டைத் தொடங்கும் வேலையும் எனக்கே வந்தது. மேட்ரனம்மாவுக்கு எதிரே, முன்வரிசையில் எனக்கு இடம்.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் ஆஸ்பத்திரி நடைமுறை புரியாது. எல்லா முடிவும் ஜெபத்தில்தான் வெளியாகும். "ஆண்டவரே, சுந்தரிக்கு இராவேளையில் விழித்திருக்கும் பெலனைத் தாரும்" என்று மேட்ரனம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னால், அந்த வாரம் எனக்கு நைட் டியூட்டி. டியூட்டி போர்டு அப்புறம்தான் வரும். "லீலாவின் தகப்பனார் பொறுமையோடு காத்திருக்கக் கிருபை செய்யும்" என்றால் லீலாவுக்குக் கிறிஸ்துமஸ் லீவு கிடையாது. லீலா உள்ளுக்குள் அழுதுகொண்டே ஆமென் சொல்வாள். சொன்ன பிறகு யாரிடம் போய் முறையிடுவது? ஆண்டவர் முன்னால் கையெழுத்துப் போட்டாயிற்றே.

வார்டுகளிலும் ஜெபம் உண்டு. பாலக்கரை ராவுத்தர் வீட்டம்மா ஒருவர் ஒவ்வொரு பிரசவத்துக்கும் எங்களிடம்தான் வருவார். நாங்கள் முடித்ததும் அவர் கை ஏந்தி "ஆமீன்" என்பார். ஸ்ரீரங்கத்து மாமிகள் ஜட்கா வண்டியில் பாலம் தாண்டி வந்து இறங்குவார்கள். நாங்கள் கண்ணை மூடும்போது அவர்களும் மூடிக்கொண்டு "ரங்கா, ரங்கா" என்று முணுமுணுப்பார்கள். யாரும் யாரையும் தடுத்ததில்லை. டெட்டால் வாசனையும் அந்தக் கலவையான முணுமுணுப்பும் சேர்ந்ததுதான் எனக்குக் காலை நேரம். இப்போதும் டெட்டால் வாசனை வந்தால் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். வயதானால் இப்படியெல்லாம் ஆகும், சிரிக்காதீர்கள்.

மேட்ரனம்மாவைப் பற்றித் தப்பாக நினைத்துவிடாதீர்கள். கல்யாணம் செய்துகொள்ளாமல் அந்த ஆஸ்பத்திரியே வாழ்க்கை என்று இருந்தவர். காலரா சீசனில் மற்றவர்கள் மூக்கை மூடும் இடத்தில் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்பார். எனக்கு ஜுரம் வந்தபோது தன் கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தியவர். அவர்மேல் எனக்குப் பயமும் இருந்தது, பிரியம் அதைவிட அதிகமாக இருந்தது. அதனால்தான் பிறகு நடந்தது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

2. அஞ்சலை

நான் மிட்வைஃப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த வருடம். லால்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அஞ்சலை என்ற பெண்ணை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். என் வயதுதான் இருக்கும். அவள் மாசமாக இருக்கும்போதே புருஷன் பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டான். கூட வந்தது மாமனார் மட்டும். பிறந்த வீட்டில் ஒரு அண்ணன் மட்டும் இருப்பதாகச் சொன்னாள். பிரசவம் நல்லபடியாக முடிந்தது. குழந்தையை நான்தான் கையில் வாங்கினேன். பெண் குழந்தை.

வெளியே பெஞ்சில் இருந்த மாமனாரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை.

"அப்பன முழுங்கிட்டுல்ல வந்திருக்கு. ஆம்பளப் புள்ளையா இருந்தாலாச்சும் மனசு ஆறும்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மகனைப் பறிகொடுத்த துக்கம் அவருக்கு. அதைப் பச்சைக் குழந்தைமேல் இறக்கினால் எப்படி என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

உள்ளே அஞ்சலை குழந்தையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டரு, இந்தக் காதப் பாருங்க. மேல மடிஞ்சு இருக்குல்ல? அவருக்கும் இப்படியேதான்" என்றாள். அதைச் சொல்லும்போது சிரித்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

3. அந்தக் காலை

இரண்டொரு நாள் கழிந்தது. காலை ஜெபம். நான் பாட்டைத் தொடங்கி முடித்தேன். மேட்ரனம்மா கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, எஸ்தர் டீச்சர் வீட்டில் இத்தனை வருஷமாக வெறுமையாய் இருந்த தொட்டிலை நிரப்பச் சித்தம் கொண்டீரே, ஸ்தோத்திரம். தகப்பனில்லாத பெண் குழந்தைக்கு உமது வீட்டாரிடத்தில் அடைக்கலம் வைத்தீரே, ஸ்தோத்திரம். அந்தப் பாட்டனாரின் மனதை இளகப்பண்ணினீரே, ஸ்தோத்திரம்."

எனக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது. அஞ்சலையின் குழந்தையை எஸ்தர் டீச்சருக்குக் கொடுக்கப்போகிறார்கள். எஸ்தர் டீச்சர் எங்கள் சபை மூப்பரின் மனைவி, எனக்கு ஓய்வுநாள் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். குழந்தை இல்லை. ஆலயத்தில் மற்றவர்களின் குழந்தைகளை மடியில் வாங்கி வைத்துக்கொண்டே ஆராதனை முழுவதும் உட்கார்ந்திருப்பார். அவருக்குக் குழந்தை கிடைக்கிறது என்றால் முதலில் சந்தோஷப்பட வேண்டியவள் நான்தான்.

எல்லோரும் ஆமென் என்றார்கள். எனக்கு வரவில்லை. நான் ஏதோ தைரியமாக எதிர்த்து நின்றேன் என்று நினைக்க வேண்டாம். வாய் திறந்தேன், அந்த மடிந்த காது ஞாபகம் வந்தது, சத்தம் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் வழக்கமாக எல்லோருடைய குரலையும் அமுக்கிவிடும் குரல் அது. அது இல்லாதது ஹாலில் எல்லோருக்கும் தெரிந்தது. மேட்ரனம்மா கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்தார்.

மற்றவர்கள் கலைந்ததும் கேட்டார். "தொண்டை சரியில்லையா?"

"தொண்டை நல்லாத்தாங்க இருக்கு."

"அப்புறம்?"

"அஞ்சலைகிட்ட யாராவது கேட்டீங்களா மேட்ரனம்மா?"

"அவ மாமனார் சம்மதம் சொல்லிட்டார். பெரிய டாக்டர் சரின்னுட்டார். போதகர் ஐயா சரின்னுட்டார். எல்லாத்துக்கும் மேல நான் உபவாசம் இருந்து ஜெபம் பண்ணியிருக்கேன். இப்ப அவகிட்ட சொன்னா அழுது ஜுரத்தை இழுத்துவிட்டுக்குவா. வீட்டுக்குப் போற அன்னிக்குச் சொல்லிக்கலாம்."

"இருந்தாலும்..."

"என் ஜெபத்தையே சந்தேகப்படறியா நீ?"

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் குரலை இறக்கி, "இன்னிக்கே அவளுக்குப் பால் வத்தக் கட்டிடு. சாயங்காலம் டீச்சர் வராங்க. அதுக்கு முன்னாடி போதகர் ஐயாவைப் பார்த்துப் பேசிட்டுப் போ, உனக்கு மனசு தெளியும்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் கையெழுத்து இல்லாமல் நான் மிட்வைஃப் பரீட்சை எழுத முடியாது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம் அது.

4. பணிவு கேட்கப் போனது

போதகர் ஐயா அன்று வார்டு விசிட்டுக்கு வந்திருந்தார். மிக மென்மையாகப் பேசுகிறவர்.

"மேலே இருக்கறவங்களை வச்சதே ஆண்டவர்தாம்மா. அவங்களுக்குக் கீழ்ப்படிஞ்சா அவருக்குக் கீழ்ப்படிஞ்ச மாதிரி. உனக்கு என்ன வயசு, மேட்ரனம்மாவோட ஜெப அனுபவம் என்ன?"

"அப்ப நான் தனியா ஜெபம் பண்ணிக் கேக்கக் கூடாதா ஐயா?"

"தாராளமா பண்ணு. பணிவைத் தாங்கன்னு கேளு."

ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒரு சின்ன ஜெபக்கூடம் இருந்தது. போய் முழங்கால் போட்டேன். பணிவைத்தான் கேட்டேன், பொய் சொல்லவில்லை. வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை. பக்கத்துச் சலவைக் கூடத்தில் துணி அடிக்கும் சத்தம்தான் வந்தது. நான் சின்னப் பெண், அவர்கள் பெரியவர்கள், நான்தான் தப்பாக இருக்கும் என்று எனக்கு நானே எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

அப்படியே இருந்தபோது ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பெண்ணின் மார்பில் துணியைச் சுற்றப்போவது மேட்ரனம்மாவின் கை அல்ல, போதகர் ஐயாவின் கை அல்ல. என் கை. நாளைக்கு ஆண்டவர் முன்னால் நிற்கும்போது "உன் மேட்ரன் என்ன ஜெபம் செய்தார்?" என்று அவர் என்னிடம் கேட்கமாட்டார். அதை மேட்ரனிடம் கேட்டுக்கொள்வார். என்னிடம் என் கையைப் பற்றித்தான் கேட்பார்.

பணிவு வந்ததா என்றால், வந்தது. ஆனால் அது மேட்ரனம்மா பக்கமாகப் போகவில்லை. பயம் போகவே இல்லை. பயத்தோடுதான் எழுந்தேன்.

5. டிரேயில் மல்லிகைப்பூ

பால் வற்ற வைக்க அப்போது மாத்திரை எல்லாம் எங்களிடம் அதிகம் கிடையாது. மல்லிகைப்பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவோம். அது எங்கள் வழக்கம். பெரும்பாலும் குழந்தை தவறிப்போன தாய்மார்களுக்குத்தான் கட்டுவது. ஆயா காந்தி மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த பூவை ஈரத்துணியில் சுற்றி டிரேயில் வைத்திருந்தாள். என்ன செய்வதென்று இன்னும் முழுசாக முடிவு செய்யாமலேயே அதை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தேன். அந்த டிரேக்கு வார்டில் என்ன அர்த்தம் என்பதை அந்தக் குழப்பத்தில் மறந்துவிட்டிருந்தேன்.

வாசனை வந்ததும் வார்டே திரும்பிப் பார்த்தது. அஞ்சலைக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஸ்ரீரங்கத்து மாமி பதறி எழுந்து உட்கார்ந்தார்.

"ஐயையோ, யாருக்கு? யார் குழந்தை போயிடுத்து?"

நான் அஞ்சலையின் கட்டிலருகே போய் நின்றதும் மாமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அஞ்சலை ஒரே தாவலில் குழந்தையைத் தூக்கி, மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். தூக்கம் கலைந்த குழந்தை வீறிட்டு அழுதது. அழுகையைக் கேட்டதும்தான் அவளுக்கு உயிர் வந்தது.

"புள்ள நல்லாத்தானே இருக்கு. எனக்கு எதுக்குங்க பூவு? தாலி அறுத்தவளுக்குப் பூ கொண்டாரீங்களே?"

அந்தக் கேள்விக்கு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. டிரேயைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். கட்டிலில் நர்ஸ் உட்காரக் கூடாது என்பது ரூல். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல வீடு, நல்ல மனுஷி, குழந்தை சௌகரியமாக வளரும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அது அவளுக்குத் தெரிய வேண்டாமா?

அவள் அழவில்லை. "எங்க மாமா குடுக்கறேன்னாரு. சரி. பெத்தவளை ஒருத்தரும் கேக்கலியா?" என்றாள்.

"இப்ப நான் கேக்கறேன் அஞ்சலை. குடுக்க உனக்குச் சம்மதமா?"

"இல்லீங்க."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. அதைக் கேட்பதற்கு எத்தனை பெரிய மனிதர்கள் பயந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

மேட்ரனம்மாவின் அறைக்குப் போனேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "சொல்லிட்டேங்க. அவ சம்மதிக்கல. நான் கட்டல" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "சாயங்காலம் அவங்க வந்துட்டுப் போகட்டும். அப்புறம் உன்னைப் பத்திப் பேசறேன்" என்றார். கத்தியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

6. எஸ்தர் டீச்சர்

சாயங்காலம் எஸ்தர் டீச்சர் வந்தார். கையில் ஒரு கூடை, அதில் குட்டிச் சட்டைகள், எல்லாம் அவர் கையால் தைத்தவை. முகத்தைப் பார்க்கவே முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம். மாமனாரும் வந்து சுவரோரம் நின்றார். மேட்ரனம்மா அழைத்துவர, எல்லோருமாக வார்டுக்குள் வந்தார்கள். அஞ்சலை அப்போது குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. முந்தானையை மட்டும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நீங்கதானாம்மா அது?" என்று கேட்டாள்.

டீச்சர் திகைத்துப்போய் மேட்ரனம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "இந்தப் பொண்ணுக்குச் சம்மதம்னுதானே சொன்னீங்க?"

"குடும்பத்துல சம்மதிச்சாங்க. எல்லாருமா ஜெபம் பண்ணித்தான்..."

டீச்சர் கூடையைக் கீழே வைத்தார். பிறகு அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"நானும் எத்தனையோ வருஷமா ஆண்டவர்கிட்ட பிள்ளை கேட்டுக்கிட்டுதாங்க இருக்கேன். இன்னொருத்தி மடியிலேர்ந்து எடுத்துக் குடுங்கன்னு ஒரு நாளும் கேக்கலை. அவர் அப்படிக் குடுக்கறவரும் இல்லை."

கூடையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து, மற்றவற்றை மூடினார். அந்த ஒன்றை அஞ்சலையின் கட்டிலில் வைத்தார். "குழந்தைக்குப் போட்டுவிடும்மா. கொஞ்சம் பெரிசா இருக்கும்" என்றார். போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். வராந்தா முனை வரை நேராகத்தான் நடந்தார். அப்புறம் தூணைப் பிடித்துக்கொண்டார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். இரண்டு பேரும் அழுதோம்.

மாமனார், "அப்ப ரெண்டையும் நீங்களே வச்சுக் காப்பாத்துங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மேட்ரனம்மாதான் அவரை வழிமறித்தார்.

"போங்க. ஆனா அவ அண்ணன் எங்க இருக்கான்னு சொல்லிட்டுப் போங்க."

காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறான் என்று தெரிந்தது. மேட்ரனம்மா ஆள் அனுப்பவில்லை, ஜட்கா பிடித்துத் தானே போனார். வெள்ளைச் சேலையோடு மூட்டைகளுக்கு நடுவே போய் நின்று அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அண்ணன் வேர்த்து வடிய வந்து, தங்கையைப் பார்த்து, "எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? வா, வீட்டுக்குப் போவலாம்" என்றான். அவன் அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் நிலையில் இருந்த கூலிக்காரன். ஆனாலும் தங்கையையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டுதான் போனான்.

7. மேட்ரனம்மா என்னைப் பற்றிப் பேசியது

அப்புறம் உன்னைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லியிருந்தாரே, அதற்காகப் பல நாள் பயந்துகொண்டிருந்தேன். அவர் பேசவே இல்லை. பரீட்சைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். காலை ஜெபம் நடந்தது. நான் பாடினேன், மனதுக்கு ஒப்பியபோது ஆமென் சொன்னேன். ஜெபத்தில் டியூட்டி அறிவிப்பது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. லீலாவுக்கு அந்த வருடம் கிறிஸ்துமஸ் லீவு கிடைத்தது. அவளுக்கு ஏன் என்று கடைசிவரை தெரியாது.

இதை நர்சாகப் போகும் பெண்களுக்காக எழுதுகிறேன். மேலதிகாரி சொன்னால் செய்யுங்கள், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நேரம் அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். நான் ஒன்றும் கலகக்காரி கிடையாது, அறுபதுகள் முழுவதும் அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்த்தேன். ஆனால் ஒருவர் உங்களிடம் "இது ஆண்டவர் சித்தம்" என்று சொல்லி ஒரு வேலையைக் கொடுத்தால், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், நீங்களும் ஒருமுறை ஆண்டவரிடமே போய்க் கேளுங்கள். அவருடைய வாசலில் டோக்கன் கிடையாது. கேட்டுவிட்டு, யாருடைய வாழ்க்கையோ அந்த ஆளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எஸ்தர் டீச்சருக்குக் கடைசிவரை குழந்தை இல்லை. அவரை ஆலயத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் துக்கமாக இருந்தது. சரியானதைச் செய்தால் மனதுக்கு லேசாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சில வருடங்கள் கழித்து, மேட்ரனம்மாவை வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாகப் போகச் சொல்லி மிஷனில் கேட்டார்கள். போவதா, இருப்பதா என்று அவர் தவித்துக்கொண்டிருந்தது எங்களுக்கெல்லாம் தெரியும். ஒரு மத்தியானம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சுந்தரி, எனக்காக ஜெபம் பண்ணு."

"பண்றேங்க. என்னன்னு கேக்கட்டும்? போகணும்னா, இருக்கணும்னா?"

"அதைச் சொல்ல மாட்டேன். எனக்கு எது பிடிக்கும்னு தெரிஞ்சா எல்லாரும் அதையேதான் ஆண்டவர் சொன்னார்னு வந்து சொல்றாங்க. அதான் உன்னைக் கூப்பிட்டேன்."

மூட்டு வலியோடு மெல்ல முழங்கால் போட்டார். நானும் பக்கத்தில் முழங்கால் போட்டேன். அவர் தொடங்குவார் என்று நான் காத்திருந்தேன். அவர் தொடங்கவே இல்லை, நான் தொடங்கக் காத்திருந்தார்.